ஆறாவது இல்விரா

பனியை நான் கண்டதில்லை. கற்பிட்டியில் பிறந்து, வெயிலிலும் வெங்காயத் தோட்டத்து மணலிலும் வளர்ந்தவளுக்குப் பனி எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் ஐஸ் பெக்டரிக்குள் இருந்த குளிர்தான். என் மூத்த சகோதரன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அங்கேதான் மெசின் பார்க்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஒழுங்கை தள்ளி பெக்டரி.

அப்படியிருந்தும், ஒரு குளிர்நாட்டில் பூக்கிற பூக்களின் குலமொன்றை உண்டாக்கியவள் நான். பாதி நான், மற்றப் பாதி இன்னோர் ஆள். அந்தக் குலத்துக்குப் பெயர் இல்விரா. அது பூக்கும் நாட்டுக்குப் பெயர் ஒஸ்மார். இரண்டையும் எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. ஆனால் அந்தப் பூவால் எங்கள் வீட்டில் நடந்தது மட்டும் உண்மை.

இல்லாத நாடுகளைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. முன்பள்ளியில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்டக் கொடுக்க ஒரு மலைப் படம் தேடிப்போய், அங்கே தடுக்கி விழுந்தேன். ஒஸ்மார் என்று ஒரு நாடு பாதி கட்டி வைக்கப்பட்டிருந்தது. மலை இருந்தது, ஆறு இருந்தது, ஆற்றைக் கடக்கப் படகுக்காரனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற வழக்கம்கூட இருந்தது. ஒரு பூ இல்லை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. என் பள்ளிக்கூட இங்கிலீசில், "உங்கள் நாட்டில் பூவே கிடையாதா?" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "எனக்குப் பூக்களைப் பற்றித் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று எழுதினேன். அதுதான் முதல் பொய்.

அந்த ஆளை நான் கூட்டாளி என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கூட்டாளி இரண்டே இரண்டு விதி வைத்தார். உலகத்தில் இருக்கிற எந்தச் செடியையும் அப்படியே எடுத்து வைக்கக் கூடாது. நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் பாண் வாங்கக் கடைக்குப் போனாலே, யார் மகள், எந்த ஒழுங்கை, இன்னும் கலியாணம் ஆகவில்லையா என்று மூன்று கேள்வி வரும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மூன்றாவது கேள்வியில் என் முகம் எப்படிப் போகும் என்று கடைக்காரருக்கே தெரியும்.

இப்படித்தான் இல்விரா முளைத்தது. நிலத்தோடு ஒட்டிய தடித்த இலை, ஆறு இதழ், நடுவில் பழுப்பு மஞ்சள். பனி உருகும் முன்பே பனியைத் துளைத்துக்கொண்டு வரும் முதல் இனத்தை நான் எழுதினேன். பாறை இடுக்கில் தலைகீழாகத் தொங்கும் இரண்டாவதைக் கூட்டாளி எழுதினார். பனிக்குள் ஒரு செடி உறையாமல் இருப்பது எப்படி என்று கேள்வி வந்தபோது, நான் நானாவின் பெக்டரியை நினைத்தேன். அங்கே ஐஸ் அச்சுகளை உப்புத் தண்ணீர்த் தாங்கியில்தான் இறக்குவார்கள். அந்தத் தண்ணீர் ஐசைவிடக் குளிர், ஆனால் உறையாது. அதைப் பார்த்து, இல்விராவின் சாற்றில் உப்பு இருக்கிறது என்று எழுதினேன். கூட்டாளி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். குளிர்நாட்டு ஆள் அல்லவா, தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவர் குளிர்நாட்டு ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பனியில் நடந்தால் காலடியில் கிறீச்சென்று சத்தம் வரும், கோதுமை மாவு மூட்டையை அமுக்கினாற்போல என்று ஒருநாள் எழுதியிருந்தார். "ஓம், அப்படியேதான்" என்று பதில் போட்டேன். எதைக் கண்டு அப்படிச் சொன்னேனோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

என் பங்குக்கு நானும் பாடுபட்டேன். கடற்கரையில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியில் பூவும் இலையும் பறித்து, நானா மீன் கொண்டுவரும், குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் உடைத்த ஐசுக்கு நடுவில் வைப்பேன். மணிக்கொரு தடவை திறந்து பார்ப்பேன். எந்த ஓரம் முதலில் கறுக்கிறது, காம்பு எப்போது தொய்கிறது என்று கொப்பியில் குறிப்பேன். "மீன் வெக்கிற பெட்டியில புல்லு வெச்சிரிக்கா, இவளுக்கு என்ன புடிச்சிரிக்கி?" என்று நானா சத்தம் போடுவார். உம்மா, "பள்ளிக்கூட வேலயா இரிக்கும், விடு மகன்" என்பார்.

ஒரேயொரு விடயத்தில்தான் கூட்டாளியும் நானும் சண்டை பிடித்தோம். ஐந்து இனம் முடிந்த பிறகு எனக்கு ஆறாவது ஒன்று வேண்டியிருந்தது. ஒஸ்மாரின் தெற்குக் கரையில், பனியே விழாத மணலில் வளரும் ஓர் இல்விரா. கூட்டாளி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "பனி விழாத இடத்தில் இல்விரா இல்லை. பனியைக் காணாத பூ இந்தக் குலத்தில் சேராது." நான் மூன்று நாள் பதில் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்குக் கொதித்தது. பிறகு நானே இறங்கிப்போனேன். இல்லாத பூவுக்காக இருக்கிற கூட்டாளியை இழப்பது மடத்தனம் என்று பட்டது.

அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன். ஒஸ்மாருக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. புதிதாகக் கரை வளைக்க எனக்குச் சோம்பல். பேசாமல் கற்பிட்டியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி வரைந்துவிட்டேன். எங்கள் நிலக்கீற்று, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நுனியில் கோட்டை. எல்லாம் அப்படியே. தலைகீழாக இருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

நாலாவது இல்விராவைப் பறிப்பதற்கு ஒஸ்மாரில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இரண்டு பேர் இரண்டு கரையிலிருந்து புறப்பட வேண்டும். காற்று விழுந்த முதல் காலையில் ஒருவர் கோட்டையிலிருந்து படகெடுப்பார், மற்றவர் எதிர்க் கரையில் விதைப் பையோடு காத்திருப்பார். வழியைப் புள்ளி புள்ளியாகப் படத்தில் குறித்து, கூட்டாளிக்கு அனுப்பினேன். கூட்டாளி அந்தப் பறிப்பவர்களின் குரலிலேயே பதில் எழுதினார்: "காற்று விழுந்ததும் கோட்டைக்குக் கீழே இறங்கு. நான் மறுகரையில் நிற்பேன். விதையைத் தவிர வேறொன்றும் கொண்டுவராதே."

அது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசி ஓயப்போகிற காலம். காற்று இருக்கும் வரைக்கும் பெரிய பட்டத்தைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்கும் கைட் விளையாட்டுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் களப்பு முழுக்க நிறைந்திருப்பார்கள். காற்று விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இது எங்கள் ஊரில் நண்டுக்கும் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.

அன்று புதன்கிழமை. பின்நேரம் நானா பெக்டரியிலிருந்து வந்தார். தன் போனில் சார்ஜ் இல்லை என்று, லொறிக்காரருக்குப் பேச என்னுடையதைக் கேட்டார். நான் மா குழைத்துக்கொண்டிருந்தேன். கை மாவோடு, "மேசையில இரிக்கி, எடுங்க" என்றேன். அவர் பேசி முடித்ததும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நானா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன?"

"படம்."

"படமெண்டு எனக்கும் தெரியும். எந்த எடத்துப் படம்?"

"அப்பிடி ஒரு எடம் இல்ல, நானா."

"இல்லாத எடமா? இது கோட்ட. இது களப்பு. இது நம்மட ஜெட்டி. பத்து வருசம் கடலுக்குப் போனவன் நான். எனக்குக் கோட்ட எது எண்டு நீ சொல்லித் தாறியா?" விரலால் அந்தப் புள்ளிக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். "கோட்டையில இருந்து களப்பத் தாண்டி எலுவன்குளம் பக்கம். அங்கால காட்டு ரோட்டால ஏறினா மன்னாருக்கு ஓடிப்போயிரலாம். ஆருடி இந்த ஆளு? கைட் அடிக்க வந்த வெள்ளக்காரனா?"

எழுத்தென்றால் நானா இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசிப்பார். காதால் கேட்டால்தான் பிடிபடாது. காற்று விழுந்ததும், கோட்டைக்குக் கீழே, மறுகரையில் நிற்பேன். எல்லாவற்றையும் வாசித்திருந்தார். வெள்ளிக்கிழமை, அதாவது இரண்டு நாளில், புத்தளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தப் பேச்சைக் கொண்டுவந்ததே நானாதான்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இல்விரா, ஐந்து இனம், உப்புச் சாறு, பறிக்கும் வழக்கம். "அந்த உப்ப உங்கட தாங்கியப் பாத்துத்தான் எழுதினன்" என்றுகூடச் சொன்னேன். நானா கதிரையில் உட்கார்ந்து கேட்டார். கேட்கக் கேட்க முகம் இன்னும் கறுத்தது.

"இந்தப் பூ எங்க இரிக்கி?"

"எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லாத பூவுக்கு ஒரு வருசமா ரெண்டு பேர் ராவும் பகலுமா கடிதம் எழுதுவாங்களா? ஆருக்கடி கத சொல்றா?"

உண்மையைச் சொன்னால் பொய்யைவிட மோசமாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உம்மா கிணற்றடியிலிருந்து வருகிற சத்தம் கேட்டதும் நானா குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழம பின்நேரம் அஸருக்குப் பொறகு அவங்க வாறாங்க. அதுக்கு முந்தி அந்த ஆள்ட குரல நான் கேக்கணும். பொம்புளயா இருந்தா நான் ஒண்டும் கதைக்கல்ல. ஆம்புளயா இருந்தா வாப்பாட்ட சொல்லுவன். போனும் இல்ல, டீச்சர் வேலயும் இல்ல, விளங்கிச்சா?"

விளங்கியது. விளங்காதது வேறு ஒன்று. ஒரு வருசத்துக்கு மேலாக நான் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆள் ஆணா பெண்ணா என்று எனக்கே தெரியாது. கேட்கக் கூடாது என்பதுதானே விதி. கேட்கத் தோன்றியதும் இல்லை. பூவைப் பற்றிப் பேச அது எதற்கு?

அன்று மாலையே எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "விதியை மீறுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் குரலில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் வேண்டும். ஏனென்று கேட்காதீர்கள்."

வாசித்துவிட்டார் என்று அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. பத்து நிமிடத்தில் பதில் போடுகிற ஆள்.

வியாழக்கிழமை முன்பள்ளிக்கு நானாவே மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். விடும்போது வாசலில் நின்றார். ஏற்ற வரும்போதும் அரை மணிக்கு முன்பே வந்து நின்றார். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பூ வரையச் சொல்லியிருந்தேன். ஒன்றுகூட என்னால் பார்க்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே களப்புப் பக்கம் கைட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. காற்றே, விழுந்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். காற்று விழுந்தால் நானாவின் சந்தேகம் உறுதியாகிவிடும் என்று பயம். காற்றுக்கு என்ன தெரியும்?

என்னோடு படிப்பிக்கிற டீச்சருக்கு நல்ல இங்கிலீஸ். ஒரு நிமிடம் அவரைப் பேசச் சொல்லிப் பதிந்தால், நானாவுக்குப் பெண் குரல் கேட்டுவிடும். இதை நான் யோசித்தேன், மறைக்கவில்லை. அவரிடம் வாய் திறக்கும் வரைக்கும் போனேன். பொய் சொல்ல எனக்குப் பயமில்லை. ஒரு வருசமாகப் பனியைக் கண்டவள் போல எழுதியவள்தானே. ஆனால் என் கூட்டாளியின் இடத்தில் இன்னொருத்தியின் குரலை வைக்க மனம் வரவில்லை. அந்த ஆள் என் பூவை நம்பியவர். என்னை யாரும் அந்த அளவுக்கு ஒரு விடயத்தில் நம்பியது கிடையாது. போன் போனால் போகட்டும், வேலை போனாலும் ஒரு பாடாக இருந்துவிடுவேன், அந்த நம்பிக்கை போய்விடக்கூடாது என்று நினைத்தேன். "ஒண்டுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. உம்மா காலையிலிருந்தே வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். வாப்பாவும் நானாவும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து சாப்பிட்டார்கள். வாப்பா கொஞ்சம் சரிந்து படுத்தார். நானா வெள்ளைச் சேட்டோடு முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை. அவர் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

மணி இரண்டேகாலுக்கு, அரிசி வாளி மூடியின் மேல் போன் அதிர்ந்தது. ஒரு குரல் பதிவு.

எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். காதோடு வைத்துக் கேட்டேன். ஆண் குரல். இளம் குரல் இல்லை. இங்கிலீஸ் என்னைவிடத் தடுக்கிற இங்கிலீஸ். கேட்டு முடித்ததும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அழிக்கும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. பதிலே வரவில்லை என்று சொல்லலாம். அதையும் நானா நம்பியிருக்க மாட்டார், ஆனால் நிரூபிக்கவும் முடியாது.

எழும்பிப்போய் நானாவின் கையில் போனைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக என்னைக் கள்ளியைப் போல் காவல் காத்த மனுசன் மேல் இருந்த ஆத்திரம்தான் பாதிக் காரணம். இந்தா, கேள், என்ன செய்ய வேண்டுமோ செய் என்ற ஆத்திரம்.

நானா கேட்டார். ஆண் குரல் என்றதும் தாடை இறுகியது. முடிந்ததும் இன்னொரு தடவை போட்டார். வாப்பாவைக் கூப்பிடப் போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மூன்றாம் தடவை போட்டுப் போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆம்புள" என்றார்.

"ஓம்."

"பின்னால சத்தம் ஒண்டு கேட்டியா?"

எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்று புரியவில்லை.

"கம்பிரசர்" என்றார் நானா. "அமோனியா மெசின். நம்மடதவிடப் பெரிசு. பெல்ட் ஒண்டு தளர்ந்திரிக்கி, கேளு. டக்கு, டக்கு எண்டு அடிக்கிது. இப்பிடியே விட்டா ரெண்டு கிழமையில அறுத்துக்கொண்டு போயிரும்." போனைக் கீழே இறக்கினார். "என்ன சொல்றாரு?"

அதுவரை அந்த ஆள், அந்த ஆள் என்றவர் வாயில் 'சொல்றாரு' என்று வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் பேசியதை அப்படியே தமிழில் சொன்னேன். "நான் ஆம்புள. மூணு புள்ளயள்ட வாப்பா. மீன் வெக்கிற குளிரறை ஒண்டுல மெசின் பாக்கிறன். எங்கட நாட்டில பனி விழாது. பனிய நான் கண்டதே இல்ல. நீங்க பனி நாட்டு ஆள் எண்டு நெனச்சிப் பயந்து பயந்துதான் எழுதினன், எண்ட பொய் புடிபட்டிரும் எண்டு. உங்களுக்கு என்னால கரச்சல் எண்டா நிப்பாட்டிக்கிறன். மன்னிச்சிக்கொள்ளுங்க. இப்பிடிச் சொல்றாரு."

"பனியக் கண்டதில்லயா?"

"இல்லயாம்."

"நீயும் கண்டதில்ல."

"இல்ல."

நானா என்னைப் பார்த்த பார்வை, பைத்தியக்காரியைப் பார்க்கிற பார்வைதான். ஆனால் அதில் புதன்கிழமை இருந்த கறுப்பு இல்லை. "ரெண்டு பேரும் ஐஸ் பெட்டிய வெச்சிக்கொண்டு பனியப் பத்திக் கத அளந்திரிக்கிறீங்க" என்றார். சிரிப்பை அடக்கியதில் மூக்கு விரிந்தது. பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டார். "வாப்பாட்ட சொல்ல மாட்டன். ஆனா இனி நீ எழுதப்படாது. நல்ல மனுசனாத்தான் இரிக்கும். எண்டாலும் ஆம்புள."

"நான் என்ன பிழ செஞ்சன்?"

"பிழ எண்டு நான் சொல்லல்ல. எழுதாத எண்டுதான் சொன்னன்."

வாசலில் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அஸருக்குப் பிறகு என்றவர்கள் முன்பே வந்துவிட்டார்கள். உம்மா உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார். நானா என் போனை என்னிடம் நீட்டி, "கடைசியா ஒண்டு எழுது. எழுதக்குள்ள அந்த பெல்ட்ட இறுக்கச் சொல்லு. நானா சொன்னாரு எண்டு சொல்லு" என்றார். நின்ற நிலையில் எழுதினேன். "நன்றி. நானும் பனியைக் கண்டதில்லை. இனி எழுத முடியாது. உங்கள் மெசினில் ஒரு பெல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிவிடுங்கள். சத்தத்தைக் கேட்டு என் மூத்த சகோதரர் சொல்கிறார், அவரும் ஐஸ் பெக்டரியில் மெசின் பார்ப்பவர்." அனுப்பிவிட்டு, முகம் கழுவி, உடுப்பு மாற்றி, தட்டை ஏந்திக்கொண்டு போனேன். தட்டில் கோப்பைகள் கிலுகிலுவென்று ஆடின. வந்த பெண்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு சரிவரவில்லை. பூவும் காரணமில்லை, போனும் காரணமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொழும்பில் வேலை பார்க்கிற பிள்ளை வேண்டுமாம். உம்மா இரண்டு நாள் வருந்தினார். நான் வட்டிலப்பத்தின் மிச்சத்தைச் சாப்பிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. பெல்ட்டைப் பார்த்தேன், உண்மைதான், இறுக்கிவிட்டேன், உங்கள் சகோதரருக்கு ஆயிரம் நன்றி என்று கூட்டாளி பதில் போட்டிருந்தார். நானாவிடம் காட்டினேன். நானா தன் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் இரண்டு பேரும் மச்சான் மச்சினன் போல் ஆகிவிட்டார்கள். நானாவுக்கு வாயில் வருவது நாற்பது இங்கிலீஸ் சொல், அதில் முப்பது மெசின் சாமான். கூட்டாளிக்கும் அதே முப்பது போதுமாக இருந்தது. இவர் தாங்கியைப் படமெடுத்து அனுப்புவார், அவர் வால்வைப் படமெடுத்து அனுப்புவார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நானா போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார்.

எனக்குப் பற்றி எரிந்தது. என் கூட்டாளி. ஒரு வருசம் நான் இதழ் இதழாகச் சம்பாதித்த கூட்டாளி. ஆணோடு ஆண் கதைத்தால் குற்றமில்லை என்று நானா அவரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் குசினியில் நின்று அவர்கள் சிரிப்பதைக் கேட்க வேண்டும். ஒஸ்மாரைப் பற்றி நானா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒருநாள் கோபத்தில் அவருடைய ரெஜிபோம் பெட்டியின் மூடியைக் காலால் உதைத்து உடைத்துவிட்டேன். காற்று தள்ளிவிட்டது என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை. நானா உடைந்த மூடியையும் என்னையும் பார்த்துவிட்டு, மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்.

கச்சான் விழுந்து, கைட்காரர்கள் போய், களப்பு கண்ணாடி மாதிரிக் கிடந்த ஒரு பின்நேரம். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். நானா கதவு நிலையில் வந்து நின்றார். கையில் போன்.

"அவரு உனக்கு ஒண்டு சொல்லச் சொன்னாரு."

"எனக்கு ஒண்டும் சொல்லத் தேவல்ல."

"ஆறாவது பூ ஒண்டு இரிக்காம்" என்றார் நானா, பாடமாக்கி வந்ததை ஒப்புவிப்பது போல. "தெக்குக் கரையில. பனி விழாத மணலில. அவரு முதல் இல்லயெண்டு சொன்னது பிழயாம். ஆனா அது எப்பிடி இரிக்கும் எண்டு அவருக்குத் தெரியாதாம். உனக்குத்தான் தெரியுமாம்."

கத்தியை வைத்தேன். கண்ணைத் துடைக்கவில்லை, வெங்காயம் என்று நானா நினைக்கட்டும். "தெரியும்" என்றேன். அந்தச் சொல்லை நான் அவருக்கு முதன்முதலில் எழுதியபோது அது பொய்யாக இருந்தது.

நானா உள்ளே வந்து வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கட்டைவிரலைப் பதியும் இடத்தில் வைத்தார். "நீ கதைக்காத. எனக்கு மெல்லமாச் சொல்லு. நான் அவருக்குச் சொல்றன்."

நான் காதோரம் மெல்லமாகச் சொன்னேன். இலை தடிப்பு, நிலத்தோடு கிடக்கும். நானா விரலை அழுத்தினார். "லீப் திக். கிரவுண்ட்." விரலை எடுத்தார். ஆறு இதழ். "சிக்ஸ்." சாற்றில் உப்பு. "இன்சைட் சோல்ட் வோட்டர். லைக் மை டேங்க்." இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை.

பிறகு என்னிடம் திரும்பினார். "பனியே இல்லாட்டி இது எப்பிடி அந்தச் சாதியில சேரும்?"

"அது பனியக் கண்டதில்ல, நானா" என்றேன். "ஆனா குளிர் எப்பிடியெண்டு அதுக்குத் தெரியும். தெரிஞ்ச அளவுக்குப் பூக்கும்."

நானா விரலை அழுத்தி, மெசின் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய அந்தப் பெரிய குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நோ ஸ்னோ. நெவர் ஸீ ஸ்னோ. பட் நோஸ் த கோல்ட். சோ, ப்ளவர்." அதோடு நிறுத்தாமல், விரலையும் எடுக்காமல், என் பக்கம் பார்த்து, "என்ன கலர்?" என்றார்.

"வெள்ள" என்றேன்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, விரல் இன்னும் அழுத்தியபடியே இருந்தது. என் குரலும் அதற்குள் போயிருந்தது. நானா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்து, அனுப்பிவிட்டார்.